கஷாயக்காரி

வீட்டைக் காட்டிய தரகர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மாடி ஒழுகும் என்றார், ஒழுகியது. குழாயில் துரு வரும் என்றார், வந்தது. கீழே இருக்கும் குளியலறையின் கதவு ஈரத்தில் உப்பிக்கொண்டு லேசில் திறக்காது, அதன் ஜன்னலை எவனோ புண்ணியவான் பெயின்ட் அடித்தே ஒட்டிவிட்டான், இரண்டையும் மாற்றத்தான் வேண்டும் என்று அவராகவே முன்வந்து சொன்னார். வாங்கியவர்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விலை குறைவு என்ற ஒரே வார்த்தை அவர்கள் காதை அடைத்துக்கொண்டிருந்தது.

வாங்கியவர்கள் என்றால் சின்னவளும் அவள் கணவரும். சின்னவள் கூரியர் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து பார்சல் எடை போடுகிறவள். அண்ணனுக்கு அடுத்துப் பிறந்ததால் அப்பா 'சின்னவளே' என்று கூப்பிடப் போய், நரை எட்டிப் பார்க்கும் இந்த வயதிலும் அதுவே நின்றுவிட்டது. கணவர் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். அங்கே அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சமாதானம். லாரி டிரைவரும் சுமை தூக்குகிறவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால்கூட, "எதுக்கு வம்பு, விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டி கேட்ட எதற்கும் அவர் மாட்டேன் என்று சொன்னதில்லை. சரி என்பார். செய்யமாட்டார். தங்கமான மனுஷன் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொல்வார்கள். தங்கத்தோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால் தெரியும்.

சின்னவளுக்கு இந்த வீட்டில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கீழறை. குளியலறையை ஒட்டினாற்போல், தெருப்பக்கம் பெரிய ஜன்னலோடு இருந்த அந்த அறையில் அப்பாவைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்பா தையல்காரர். காலமெல்லாம் துணித்தூசியைச் சுவாசித்து, நெஞ்சுக்குள் ஒரு விசில் குடிவந்துவிட்ட மனிதர். அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில் இருந்தார். இருந்தார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. நெருக்கடியான அந்த அடுக்குமாடி வீட்டின் வாசல் நடையில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவர் காலை மடக்கிக்கொண்டால்தான் கதவு முழுதாகத் திறக்கும். அவருடைய தையல் மெஷின் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு பால்கனியில் சாரலில் நின்றது. அண்ணி கெட்டவள் இல்லை. இடம்தான் இல்லை.

"கீழ் ரூம் அப்பாவுக்குங்க," என்று சின்னவள் சொன்னபோது சமாதானம், "சரி" என்றார். அப்புறம் பல் தேய்த்துக்கொண்டே ஒரு வாலை ஒட்டினார். "ஆனா இப்ப கையில எதுவும் இல்ல. கூரை, குழாய், ஒயரிங் எல்லாம் முடியட்டும். இல்ல, அவசரம்னா ஒண்ணு பண்ணு. வீட்டுச் செலவுல நீ எவ்ளோ மிச்சம் புடிக்கிறியோ, அதுல அந்த ரூமை ரெடி பண்ணிக்கோ."

முடியாது என்பதை அவர் இப்படித்தான் சொல்வார். சின்னவள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள்.

எங்கே கை வைப்பது? சாப்பாட்டில் கை வைத்தால் அவர் முகம் சுருங்கும். பழைய வீடோ கழுவக் கழுவ அழுக்கைக் கக்கியது. முன்னால் இருந்தவர்கள் விட்ட புகை சுவரில் மஞ்சளாக, அவர்கள் பொரித்த எண்ணெய் ஜன்னல் கம்பியில் பிசினாக. கடையிலோ ஒவ்வொரு கறைக்கும் ஒரு பாட்டில் வைத்திருந்தார்கள். தரைக்கு நீலம், கண்ணாடிக்குப் பச்சை, அடுப்புக்கு ஆரஞ்சு, பீங்கானுக்கு ஒரு கழுத்து வளைந்தது. மாதாமாதம் பை நிறைய வந்து, மாதக் கடைசியில் காலியாகக் குப்பைக்குப் போனது. ஒருநாள் சின்னவள் கடை அடுக்கின் முன்னால் நின்று, பாட்டில்களின் முதுகைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். பெரும்பாலும் தண்ணீர். தண்ணீருக்கா இந்தக் கொள்ளை என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடையில் எடுத்ததையெல்லாம் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு, வினிகரும் சமையல் சோடாவும் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து அடுப்பில் பாதி நேரம் சாப்பாடு வேகவில்லை, சோப்பு வெந்தது. தேய்ந்து சில்லாகிப்போன குளியல் சோப்புகளை எறியாமல் சேர்த்து, துருவி, வெந்நீரில் கரைத்து, சோடா போட்டுக் கலக்கினால் பாத்ரூமுக்கு. வினிகரில் ஆரஞ்சுத் தோலை ஊறப்போட்டு வடிகட்டினால் கண்ணாடிக்கு. பிழிந்து முடித்த எலுமிச்சை மூடியும் உப்பும் பித்தளைக் கைப்பிடிக்கு. கிழிந்த பனியன் துடைக்க. ஆபீஸில் ஆரஞ்சு உரிக்கிறவர்கள் தோலைக் குப்பையில் போடப் போனால் ஓடிப்போய் மறித்து வாங்கினாள். "இவளுக்குத் தோல் போதும்ப்பா, பழத்தை நாம தின்னலாம்," என்று கவுன்டரில் கிண்டல் நடந்தது. நடக்கட்டும் என்று இவளும் சேர்ந்து சிரித்தாள். சமாதானம் தன் பங்குக்குக் கிடங்கில் போய், "நம்ம வீட்ல ஒரு கஷாயக்காரி இருக்கா, கடைக்காரன் கண்ணீர் விடுறான்," என்று அளந்தார். பெருமையாகத்தான் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்ததெல்லாம் கீழறைக்குள் போனது. கொத்தனாரை வைத்து விரிசலை மட்டும் பூசச் சொல்லிவிட்டு, சுவரைச் சுரண்டியதும் பெயின்ட் அடித்ததும் அவளே. விரல் நுனியெல்லாம் வெடித்து, பார்சலில் முகவரி எழுதும்போது எரிந்தது. ஒரு கட்டில், ஒரு நல்ல விளக்கு, ஜன்னலுக்கு அவளே தைத்த திரை. ஒவ்வொன்றாக வந்தது.

ஆனால் அவள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது கீழ்க் குளியலறையைத்தான். ஜன்னல் திறக்காத அந்தப் பொந்தில் ஈரம் காயாமல், ஓடுகளின் இடுக்கெல்லாம் கரும்பூஞ்சை பிடித்திருந்தது. நெஞ்சில் விசில் வைத்திருக்கிறவர் சுவாசிக்கிற இடமா இது? காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் சோப்பும் சோடாவும் கலந்த தண்ணீரை ஊற்றித் தேய்த்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் இடுக்குகள் வெள்ளை வெளேரென்று இருக்கும்.

"பாத்தீங்களா? வெறும் சோடா! வெறும் சோப்புச் சில்லு!"

"ஆமாமா, பளிச்சுனு இருக்கு," என்பார் சமாதானம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

செய்முறை கேட்டு வாங்கிப் போன கவுன்டர் தோழி, "எனக்கு அப்படி வெளுக்கவே மாட்டேங்குதே," என்று குறைபட்டாள். "கையை அழுத்தித் தேச்சாத்தானே வெளுக்கும்," என்று சின்னவள் அவளுக்குப் பாடம் எடுத்தாள். நாள் முழுக்க வினிகர் வாடையிலேயே கிடந்து அவளுடைய மூக்கு செத்துப்போயிருந்தது. அது செத்திருக்காவிட்டால் இந்தக் கதையே இல்லை.

ஒருவழியாக அண்ணன் அப்பாவைக் கொண்டுவந்து விட்டான். "ஒரு மாசம் இருந்து பாக்கட்டும். ஒத்து வந்தா மெஷினை அனுப்புறேன்," என்றான். அப்பா கட்டிலில் உட்காரவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய்த் திரையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை யாரு தச்சது?"

"நான்தாம்ப்பா."

"வெளிய யாருகிட்டயும் தையல்காரன் பொண்ணுன்னு சொல்லிக்காதே, தாயே. பாம்பு போன தடம் மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு, ஜன்னலோரம் காலால் இரண்டு கோடு இழுத்துக் காட்டினார். "மெஷினை இங்க போட்டுக்கலாம். வெளிச்சம் இடது பக்கத்துலேர்ந்து வரும்." சின்னவள் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே போய் நின்று பார்த்தாள். வெடித்த விரல் எல்லாம் அந்த நிமிஷத்தில் வலி விட்டுப்போயிற்று.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. குளியலறையில் இன்னும் ஒரு குறை பாக்கி இருந்தது. தண்ணீரின் உப்பு தரையிலும் பீங்கானிலும் சுண்ணாம்பு மாதிரிக் கெட்டியாகப் படிந்திருந்தது, சோடாவுக்கு அசையவில்லை. அப்பா கால் வைக்கிற இடம் என்று, அதுவரை குளியலறைக்குப் பயன்படுத்தாத வினிகரை எலுமிச்சைச் சாறோடு சுண்டக் காய்ச்சி, சுடச்சுடத் தரை முழுக்க ஊற்றினாள்.

"அப்பா, இது நல்லா ஊறட்டும். நான் கடைக்குப் போய்ட்டு வந்து தேச்சு விடுறேன். அதுவரைக்கும் மாடி பாத்ரூமுக்குப் போங்க, என்ன?"

"போம்மா, போ. நான் என்ன குழந்தையா?"

அவள் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, வாசலிலேயே அந்தச் சத்தம் கேட்டது. இருமல் என்று அதைச் சொல்ல முடியாது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அதற்கு நடுவே கதவை உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம். பையைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவு உப்பிக்கொண்டு பிடித்திருந்தது. "என்னங்க! என்னங்க!" என்று அவள் அலறியதில் சமாதானம் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார். இரண்டு பேரும் தோளால் இடித்ததில் கதவு கொடுத்தது. உள்ளே அப்பா சுவரோடு சரிந்து கிடந்தார், கண்ணெல்லாம் சிவந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு. அவள் அவரை வெளியே இழுத்துப் போட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில், சமாதானம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே புகுந்து, ஜன்னல் கண்ணாடியை உடைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிவிட்டார். தன் உயிரைப் பார்க்காமல் உள்ளே போனாரே மனுஷன் என்று, ஆம்புலன்ஸில் போகும்போது அந்த அழுகையிலும் அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. பின்னால் கேட்டவர்களிடமெல்லாம் அதை வாய் ஓயாமல் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஆக்ஸிஜன் வைத்துவிட்டு வெளியே வந்தார். "என்ன ஊத்தினீங்க?"

"வினிகர்ங்க. கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான்."

"ப்ளீச் மாதிரி வேற எதாவது கலந்தீங்களா?"

"இல்லவே இல்லைங்க. அதெல்லாம் எங்க வீட்டு வாசப்படியே ஏறாது."

டாக்டரம்மா சமாதானத்தைப் பார்த்தார். சமாதானம் ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்தார்.

"அப்போ நீங்க காய்ச்சினதுதான் ரொம்பக் கடுமையா இருந்திருக்கணும்," என்றார் டாக்டரம்மா. "ஏற்கனவே வீசிங் இருக்கிறவர். இந்த வீட்டு வைத்தியமெல்லாம் இனிமே வேண்டாம்." உள்ளே படுத்திருந்த அப்பா, சின்னவள் பக்கத்தில் போனதும் முகமூடியை விலக்கி, "அவசரம்மா... நீ சொன்னது மறந்துபோச்சு," என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் வந்தான். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை, பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கிறது என்றும் பார்க்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டான். "ஒரு பாட்டில் வாங்க வக்கில்லையா உனக்கு? உன் கஞ்சத்தனத்துக்கு எங்கப்பா உயிர்தான் கிடைச்சுதா? இனிமே நீ இருக்கிற வீட்டுக்கு அவரை அனுப்பினா என்னை ஏன்னு கேளு!" எங்கப்பா என்றான். நம்மப்பா என்று சொல்லவில்லை. சின்னவள் என்னத்தை எதிர்த்துப் பேசுவது? காய்ச்சியது அவள், ஊற்றியது அவள். அப்பா தேறி எழுந்ததும் நேராக அண்ணன் வீட்டு வாசல் நடைக்கே போனார். முன்பு நெஞ்சில் விசில் மட்டும் இருந்தது. இப்போது நாலு அடி எடுத்து வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

சின்னவள் எல்லா பாட்டிலையும் சாக்கடையில் கவிழ்த்தாள். ஆபீஸில் ஆரஞ்சு உரிக்கிறவர்களைக் கண்டால் விலகிப் போனாள். சாப்பாடு இறங்கவில்லை. பெற்ற அப்பனைக் கொல்லப் பார்த்தவள் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, பார்சல் ஒட்டும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமாதானம் பெரிய மனசு பண்ணி அவளை மன்னித்தார். "விடு, நீ என்ன வேணும்னா செஞ்சே?" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். கடையிலிருந்து ஒரு பை நிறைய நீலமும் பச்சையும் அவரே வாங்கி வந்து அடுக்கினார். அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

இருந்தாலும் கீழறையை அவள் கலைக்கவில்லை. அண்ணன் கோபம் ஆறும், அப்பா வருவார் என்று கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டே இருந்தாள். சில மாதம் பொறுத்துப் பார்த்த சமாதானம், ஒருநாள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, "கீழ் ரூம் சும்மாதானே கெடக்கு. எங்க கிடங்குக்குப் புதுசா ஒரு கணக்கர் வந்திருக்கார், தனி ஆளு. வாடகைக்குக் கேக்குறார். ஒண்ணாம் தேதி வரச் சொல்லிட்டேன்," என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் வெளியே போய்விட்டார். கணக்கர் வருகிறார் என்றதும், இத்தனை நாளும் நேரம் கிடைக்காத கதவுக்கும் குழாய்க்கும் உடனே ஆள் வந்தது.

குழாய் வேலைக்காரர் கீழ்க் குளியலறை வாஷ்பேசினுக்குக் கீழே சாத்தியிருந்த பழைய பலகையை எடுத்தார். "மேடம், இங்க வாங்க. இதையெல்லாம் வெளிய எடுத்தாத்தான் பைப்பைத் தொட முடியும். ஒரு கடையே வச்சிருக்கீங்களே உள்ள."

வெள்ளைக் கேன்கள். காலியானது ஐந்தாறு, பாதியில் ஒன்று, பிரிக்காதது ஒன்று. சின்னவள் ஒன்றை எடுத்து, பழக்க தோஷம், முதுகைத் திருப்பிப் படித்தாள். ப்ளீச். வினிகர், எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள் எதனோடும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு உண்டாகும் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. இடுக்குகள் எப்படி வெளுத்தன என்று புரிந்தது. தோழிக்கு ஏன் வெளுக்கவில்லை என்று புரிந்தது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்த மனுஷன் எதைக் கழுவினார் என்று புரிந்தபோது அவள் அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழாய் வேலைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சாயங்காலம் சமாதானம் வந்ததும் கேனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். "இது யாரு வச்சது?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மறைக்கவும் இல்லை. "நான்தான். உன் கஷாயத்துக்குப் பூஞ்சை போகல. சொன்னா நீ மனசு கஷ்டப்படுவே. அதான், நீ ஆபீஸ் கிளம்பினப்புறம் கொஞ்சம் ஊத்தி விடுவேன். எதுக்கு வம்புன்னு."

"அன்னிக்கும் ஊத்தினீங்களா?"

"நீ அன்னிக்குப் புதுசா என்னத்தையோ ஊத்திட்டுப் போயிருப்பேன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? வழக்கமான சோப்புத் தண்ணின்னு நினைச்சேன். மாமா வந்திருக்காரே, சுத்தமா இருக்கட்டும்னுதான் கொஞ்சம் கூடவே ஊத்தினேன்."

"டாக்டர் கேட்டாங்களே! மூஞ்சிக்கு நேரா கேட்டாங்களே!"

"நீதான் முந்திக்கிட்டு இல்லவே இல்லைன்னு சொன்னே. நடுவுல நான் பூந்து இருக்குன்னு சொன்னா, உன்னைப் பொய்க்காரியாக்கின மாதிரி ஆகாதா?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. பைத்தியக்காரச் சிரிப்பு. "அப்புறம்? எங்கண்ணன் என்னை அந்தக் கேள்வி கேட்டப்போ? நான் தினமும் சோத்தைத் தொடாம எந்திரிச்சப்போ? அப்பவும் வம்பு வேண்டாம்னுதான் இருந்தீங்களா?"

"முடிஞ்சதைக் கிளறி என்ன ஆகப்போவுது?" சமாதானம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்கப்பாவே ஒண்ணும் சொல்லல. நான் புதுக் கேனோட உள்ள போனதை அவர் பாத்தார். பாத்துட்டுச் சும்மாதானே இருந்தார்? அவருக்கு இருக்கிற விவரம் உனக்கு இல்லையே."

இந்த மனுஷனோடு இனி பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்று அவள் கேனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்த ஆத்திரத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதை ஒளிப்பானேன்? ஒரு நிம்மதி. தப்பு என் மேல் இல்லை. அண்ணனிடம் சொல்லிவிடலாம். ஒண்ணாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கணக்கராவது மண்ணாங்கட்டியாவது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

மறுநாள் சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசல் நடையில் அப்பா ஒரு சட்டைக்குக் கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணி டீ போட உள்ளே போனதும் சின்னவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அவர் கேனோட உள்ள போனதை நீங்க பாத்தீங்களாப்பா?"

அப்பா ஊசியை நிறுத்தினார். பிறகு மறுபடி குத்தினார். "பாத்தேன். துண்டுக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போனார். என்ன மாப்ளேன்னு கேட்டேன். சும்மா மாமான்னார். மாப்பிள்ளையே போய்ட்டு வந்துட்டாரே, நாம போனா என்னன்னு நினைச்சு நானும் போய்ட்டேன். முட்டி வலியில மாடி ஏற முடியல."

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா என்ன நடக்கும்? உங்கண்ணன் அவர் கழுத்தைப் புடிப்பான். நீ பொட்டியைத் தூக்கிட்டு வந்து நிப்பே. எங்க நிப்பே? இங்க எங்க இடம் இருக்கு?" அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் இன்னும் எத்தனை நாளு? நீ அந்த வீட்ல இருந்தாகணும்மா."

"இத்தனை மாசமா நான்தான் உங்களைக் கொல்லப் பாத்தேன்னு செத்துச் செத்துப் பொழைச்சேம்ப்பா. அது உங்களுக்குத் தெரியாதா?"

"அப்பன்கிட்ட பட்ட பழிதானே, அது ஒண்ணும் பண்ணாது. நான் என்னிக்காவது உன்னைக் குறை சொன்னேனா?" என்று அவர் அவள் கையைத் தடவினார். நல்லது செய்துவிட்ட நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அப்போது அண்ணன் வேலையிலிருந்து வந்தான். கதவைத் திறந்ததும் அவள் மடியிலிருந்த வெள்ளைக் கேனைப் பார்த்துவிட்டு, "என்ன, புதுக் கஷாயமா?" என்றான். முன்பிருந்த கோபம் இல்லை, கிண்டல்தான். சின்னவள் எழுந்து நின்று, எல்லாவற்றையும் சொன்னாள். பலகைக்குப் பின்னால் இருந்த கேன்கள், டாக்டரம்மா கேட்டது, அவர் தரையைப் பார்த்தது, அவரே நேற்று ஒப்புக்கொண்டது. "அப்பா கண்ணால பாத்திருக்கார். நீயே கேட்டுக்கோ. என் மேல தப்பு இல்லண்ணா. அப்பாவை என்கூட அனுப்பு."

அண்ணன் அப்பா பக்கம் திரும்பினான். அண்ணி டீத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பா பொத்தானின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு நடுங்கி நின்றால், நான்தான் கை தவறிப் போட்டுட்டேன் என்று அம்மாவிடம் கூசாமல் சொல்வாரே, அந்த முகம் வந்து உட்கார்ந்திருந்தது அவருக்கு.

"அன்னிக்கு மாப்பிள்ளை மாடியிலதான்டா இருந்தார். இவ கத்தினப்புறம்தான் இறங்கியே வந்தார்," என்றார். "இவளுக்கு மனசு ஆறல. யார் மேலயாவது போட்டா பாரம் கொறையும்னு பாக்குறா. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே."

"அப்பா!"

"விடு சின்னவளே," என்றான் அண்ணன். அவன் குரல் தணிந்திருந்தது, நோயாளியிடம் பேசுகிறது போல. "நானும் அன்னிக்கு ரொம்பத்தான் பேசிட்டேன். அதுக்காக மச்சான் மேல போடலாமா? மூக்கைக் கட்டிக்கிட்டு உள்ள போய் எல்லாத்தையும் கழுவி விட்டவர் அவர். நீதானே வாய்க்கு வாய் சொன்னே." அண்ணி அவள் கையிலிருந்த கேனை வாங்கி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள்.

அப்பாவின் கை அவள் கையைத் தேடிப் பிடித்து அழுத்தியது. பேசாதே என்கிற அழுத்தம். உனக்காகத்தான் என்கிற அழுத்தம். சின்னவள் அந்தக் கையை உதறினாள். அப்பாவின் கையை அவள் உதறியது அதுதான் முதல் தடவை. செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

பின்னாலேயே அப்பா கதவுவரை நடந்து வந்தார். அந்த நாலு அடிக்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு, கீழே இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "பத்திரமா போம்மா," என்றார். "மாப்பிள்ளையை ரொம்பக் கேட்டேன்னு சொல்லு."